லீஸ்: வாடகையா, குத்தகையா, ஒத்தியா?

சென்னையில் ஒரு வீட்டு வாசலில் 'வீடு லீசுக்கு' என்று அட்டை தொங்கினால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் மாத வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்கிற அன்று அதே தொகை திரும்பக் கைக்கு வரும். மதுரை, திருச்சிப் பக்கம் இதையே 'ஒத்திக்கு வீடு' என்பார்கள். 'போக்கியம்' என்பவர்களும் உண்டு. சட்டப் புத்தகத்தில் லீஸ் என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் கிடையாது. பேச்சில் ஒரு பொருளும் சட்டத்தில் வேறு பொருளுமாக இந்தச் சொல் உலவுவதால், வீட்டை விடுகிறவர் எந்தப் பத்திரம் எழுதுவது, எங்கே பதிவு செய்வது என்பதிலேயே தடுமாறிப்போகிறார். அதனால் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போகலாம்.

லீஸ் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் லத்தீன் 'லாக்சாரே'. தளர்த்துதல், பிடியை விடுதல் என்று பொருள். பிடியை விட்டு இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் லீஸ். தமிழிலும் நாம் வீட்டை வாடகைக்கு 'விடுகிறோம்'. 'கொடுக்கிறோம்' என்பதைவிட 'விடுகிறோம்' என்பதே இயல்பாக வருகிறது. வீடு என்ற சொல்லே விடு என்பதன் முதலெழுத்து நீண்டு பிறந்தது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே செயலை ஒரே மாதிரி பார்த்திருக்கின்றன.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 105ஆம் பிரிவில், லீசுக்கு இலக்கணம் சொல்கிறது: அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை, ஒரு விலைக்கோ தவணை தவறாமல் தரும் பணத்துக்கோ மாற்றித் தருவது. தவணைப் பணத்துக்குப் பெயர் வாடகை. இந்த இலக்கணத்தில், கொடுத்த பணம் திரும்பி வரும் பேச்சே இல்லை. வாங்கிய தொகையைத் திருப்பித் தரும்வரை சொத்தைப் பணம் கொடுத்தவர் வசம் விட்டு, வட்டிக்குப் பதிலாக அனுபவித்துக்கொள் என்று சொன்னால், அது அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்லும் அனுபவ அடமானம். தமிழில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சொல் இருக்கிறது: ஒற்றி. பேச்சு வழக்கில் ஒத்தி.

இந்தச் சொல்லின் பழமைக்குச் சுந்தரர் சாட்சி. காஞ்சிபுரம் ஓணகாந்தன்தளியில் பாடிய பதிகத்தில், 'ஒற்றியூரேல் உம்மதன்று' என்று சிவபெருமானிடமே வழக்காடுகிறார். திருவொற்றியூரின் பெயரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றி வைத்த ஊர் எப்படி உம்முடைய ஊராகும் என்று கேட்பது சிலேடை. ஒற்றி வைத்தால் சொத்து கை மாறிவிடும் என்பது கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் இந்தச் சிலேடை எடுபடும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், தொகுத்தபோதும் ஒற்றி தனி வகை அடமானமாகவே இடம்பெற்றது. போக்கியம் என்பது 'போக்ய', அதாவது அனுபவிக்கத்தக்கது, என்ற வடசொல், பொருள் ஒன்றே.

குத்தகை வேறு. தெலுங்கில் குத்த, கன்னடத்தில் குத்திகெ என்று உறவுச் சொற்கள் உள்ள திராவிடச் சொல் இது. பேசிய தொகையைச் செலுத்திவிட்டு, வரும் வருமானத்தை எடுத்துக்கொள்வது. ஏரி மீனுக்கும் சாலையோரப் புளியமரத்துக்கும் வயலுக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் குத்தகை பொருந்தும். குடியிருக்கும் வீட்டுக்குக் குத்தகைப் பத்திரம் என்று எழுதுவது லீசை அகராதி பார்த்து மொழிபெயர்த்ததால் வந்த பழக்கம்.

மாதாமாதம் பணம் தந்து குடியிருப்பதற்கு வாடகை. இது 'பாடக' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இந்தியில் பாடா, கன்னடத்தில் பாடிகெ, தெலுங்கில் பாடுக என்று உருமாறி நிற்கிறது. நேர்த் தமிழ் குடிக்கூலி. அழகான, பொருள் தெளிவான சொல். பேச்சிலும் எழுத்திலும் அதைப் புழங்கலாம். பத்திரத்தில் மட்டும் வாடகை என்றே எழுதுவது நல்லது, ஏனென்றால் பதிவுப் படிவத்திலும் அதிகாரியின் கோப்பிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. நல்ல தமிழுக்காக ஒரு சொல்லை மாற்றி, நாளைக்கு அதன் பொருளை விளக்க வக்கீல் வைக்கும்படி ஆகக் கூடாது. தலைப்பு 'வாடகை ஒப்பந்தம்' என்றிருக்கட்டும். ஒத்தியானால் 'ஒத்திப் பத்திரம்'. இரண்டுக்கும் பொதுவாக 'லீஸ் அக்ரிமென்ட்' என்று போடுவதை விட்டுவிட வேண்டும். தலைப்பை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பத்திரத்தின் பெயரைவிட அதன் உள்ளடக்கமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே, டெல்லி ஓட்டல் ஒன்றின் வழக்கில், சொல்லிவிட்டது.

இனி வாடகைப் பதிவு. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி வாய்ப்பேச்சு வாடகை செல்லாது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் அமர்த்துகிறார். விண்ணப்பம் அரசின் வாடகைப் பதிவு இணையதளம் வழியாகப் போகிறது.

இங்கேதான் 11 மாதக் கணக்கு பலரைக் கவிழ்க்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீசைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்க வந்த வழக்கம் 11 மாதம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு முற்றிலும் வேறு. 11 மாதம் எழுதினாலும் அது உண்டு. புதுப்பித்து மறுபடி 11 மாதம் எழுதினால் மறுபடி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் எழுதினால் சார்பதிவாளர் பதிவும் சேர்ந்துகொள்ளும். நோட்டரி முத்திரை இந்த இரண்டில் எதற்கும் ஈடாகாது. 'நோட்டரி போட்டாச்சு, பதிவு முடிஞ்சது' என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம்.

வாடகை அதிகாரிக்கான விண்ணப்பப் படிவம் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. உரிமையாளர் பெயர், முகவரி, சொத்தை வேறொருவர் பார்த்துக்கொண்டால் அவர் விவரம், வாடகைதாரர் விவரம், கைப்பேசி எண், விடப்படும் பகுதி எது, சாவி கொடுத்த தேதி, மாத வாடகை, கட்டில், மின்விசிறி போல உள்ளே விட்ட பொருள்கள், மின்சாரம், தண்ணீர் கட்டணம் யார் பொறுப்பு, எவ்வளவு காலம். இருவரின் பான், ஆதார் நகல்களும் ஒப்பந்தமும் இணைக்க வேண்டும். விடப்படும் பகுதியை விவரிக்கும் கட்டத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 'முதல் மாடி' என்று மட்டும் எழுதினால், அதே மாடியில் இரண்டு வீடுகள் இருக்கும்போது எது என்று தெரியாது. சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுத வேண்டும். மாடி, திசை, அறைகள், வண்டி நிறுத்தும் இடம், மொட்டை மாடி பொதுவா தனியா, மின் இணைப்பு எண், குடிவந்த அன்றைய மீட்டர் அளவு எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருந்தால் பின்னால் தகராறு இல்லை.

வீடு மனைவி பெயரிலோ அண்ணன் தம்பி கூட்டாகவோ இருந்தால், பத்திரத்தில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பந்தம் எழுதுங்கள். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, பானில் விரிவான தந்தை பெயர், ஒப்பந்தத்தில் மூன்றாவது விதம் என்றிருந்தால், மூன்றையும் ஒப்பிட்டு 'இன்னார் என்கிற இன்னார்' என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். கையெழுத்தான வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது உத்தமம். பதிவு எண் வந்ததும் அதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதி, வாடகைதாரருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 4-அ பிரிவு. வாடகை ஏற்றம், முன்பணப் பிடித்தம், காலி செய்யும் தேதி என்று பார்த்துப் பார்த்து எழுதிய வரிகள் தேவைப்படுகிற நாளில் உதவாமல் போகும்.

முன்பணம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 'அட்வான்ஸ்' என்ற சொல்லுக்கு முன்கூட்டித் தரும் வாடகை என்று பொருள் வந்துவிடுகிறது. 'பத்து மாத அட்வான்ஸ் இருக்கே, கடைசி மூணு மாசம் அதுல கழிச்சுக்குங்க' என்ற தகராறுக்கு விதை இதுதான். சட்டம் சொல்வது காப்புத் தொகை. அப்படியே எழுதலாம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அது 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். எதைப் பிடிக்கலாம் என்பதற்கு இரண்டாம் அட்டவணை இருக்கிறது. வெள்ளையடிப்பு, கதவு சன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை உரிமையாளர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், கழிவறைப் பழுது, பூட்டு, கண்ணாடி, கொசுவலை குடியிருப்பவர் செலவு. ஆகவே குடியிருந்தவர் போனதும் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் பழைய வழக்கம், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, நிற்காது.

சரி, மொத்தத் தொகைக்கு விட்டவர் என்ன செய்வது? வாடகைப் படிவம் மாத வாடகை எவ்வளவு என்று கேட்கிறது; ஒத்தியில் அதற்கு விடை இல்லை. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தி, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட பத்திரமாக, சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும். எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் கொண்டுபோக வேண்டும். வாடகையைவிட இதற்கு முத்திரைத் தீர்வை கூடுதல். அதைக் கண்டு பயந்துதான் சாதாரண முத்திரைத் தாளில் 'லீஸ்' என்று எழுதிக்கொள்கிறார்கள். பணம் கொடுத்தவருக்குச் சொத்தின் மேல் பிடிமானம் இல்லை; கொடுக்கல் வாங்கல் முடிந்ததை நிரூபிக்க உரிமையாளரிடமும் பதிவு இல்லை.

வங்கிக் கடனில் உள்ள வீடென்றால் இன்னும் ஆபத்து. அடமானத்தில் இருக்கும் சொத்தை லீசுக்கு விடுவதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-அ பிரிவு எல்லை போட்டிருக்கிறது: நியாயமான வாடகை இருக்க வேண்டும், மொத்த விலை வாங்கக் கூடாது, வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது, கட்டடமானால் 3 வருடத்துக்கு மேல் கூடாது. வங்கியின் எழுத்து அனுமதி இல்லாத மொத்தத் தொகை லீஸ் இந்த எல்லையைத் தாண்டுகிறது. கடன் தவறி வங்கி வீட்டை எடுத்தால், சேமிப்பையெல்லாம் கொடுத்துக் குடிவந்த குடும்பம்தான் முதலில் தெருவுக்கு வரும். கடன் இருந்தால் மாத வாடகைக்கு விடுங்கள். அதற்கும் வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஒத்தி முடியும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சாவியை வாங்கி, மூலப் பத்திரத்தின் பின்னால் 'வரவு' என்று எழுதி வாங்கிக்கொள்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றிதழில் ஒத்தி அப்படியே நிற்கும். வீட்டை விற்கப்போகும்போது வாங்குபவரின் வக்கீல் அதைக் காட்டுவார். ஒத்திப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் அதற்குள் ஊர் மாறியிருப்பார். பணத்தை வங்கி வழியாகத் திருப்புகிற அதே நாளில், அவரையும் அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போய் ஒத்தி ரசீதைப் பதிவு செய்துவிட்டு, சில நாள் கழித்து ஒரு வில்லங்கச் சான்றிதழ் போட்டு ரசீது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.