ஸ்ரூடியோ மொனிட்டரும் யாழ்ப்பாணத்துக் கரண்டும்

திருத்த வரும் மொனிட்டர் ஸ்பீக்கர்களை (ஸ்ரூடியோவில் பதிவைக் கேட்டுச் சரிபார்க்கப் பாவிப்பவை) திறந்து பார்த்தால், சத்தம் கூட வைத்துப் பழுதானவை குறைவு. பெரும்பாலும் எரிந்திருப்பது மின்பகுதிதான். இங்கே வீட்டு ஸ்ரூடியோக்களில் இருப்பவை அநேகமாக அக்டிவ் வகை, சத்தத்தைப் பெருக்கும் அம்ப் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கரண்டில் வரும் கோளாறு நேரே ஸ்பீக்கருக்குள் போய்விடும்.

முதல் ஆபத்து பார்சலில் வருகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா ஆசையாக ஒரு சோடி அனுப்பியிருப்பார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. தம்பி ஒரு அடாப்டரை வாங்கிச் செருகிவிடுவார். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸோடு போகும், இல்லையென்றால் உள்ளே புகைதான். செருகுவதற்கு முன் பின்பக்கத்தை வாசியுங்கள். 100–240 என்று இருந்தால் பயமில்லை. வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை 230க்குத் தள்ளி, அந்த வோல்ட்டுக்கென்று எழுதியிருக்கும் பியூஸையும் போட வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 120 மட்டும் என்றால் 230ஐ 120ஆகக் குறைக்கும் நல்ல ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும், ஸ்பீக்கரின் வாட்ஸைவிடத் தாராளமாக. லண்டனில் இருந்து வந்ததற்கு இந்தத் தலையிடி இல்லை, அங்கேயும் 230தான்.

அடுத்தது மின்வெட்டு. 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோமே, அந்தக் காலத்துப் பழக்கம் இப்போதும் உதவும். கரண்ட் போகும்போதைவிடத் திரும்பி வரும்போதுதான் வோல்ட் துள்ளும். போனவுடன் மொனிட்டரை நிறுத்துங்கள், வந்தபின் சில நிமிடம் பொறுத்துப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். இன்டர்பேஸில் (கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஓடியோ பெட்டி) இருந்து வரும் ஓடியோ வயரையும் சேர்த்து.

எல்லாச் சாமானையும் போடும்போது மொனிட்டர் கடைசியில், நிறுத்தும்போது முதலில். மாறிச் செய்தால் வரும் அந்த 'டொம்' சத்தம் ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) நல்லதில்லை.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று ஜாக் முனைகளை அரிக்கும், இடைக்கிடை கழற்றித் துடைத்துவிடுங்கள். முன்னுக்கோ பின்னுக்கோ இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பல்லியும் கரப்பானும் விடுவதில்லை. அதற்காகப் பஞ்சை அடைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) மாறிவிடும். பாவிக்காத நாட்களில் ஒரு துணியால் மூடிவிட்டால் போதும், ஆனால் போடும்போது துணி இருக்கக்கூடாது. நுளம்புத்திரியையும் சாம்பிராணியையும் தயவுசெய்து ஸ்பீக்கருக்குத் தள்ளி வையுங்கள், அந்தப் புகை படிந்த கோனில் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) தூசு ஒட்டினால் இலகுவில் போகாது.

துடைக்கக் காய்ந்த மென்மையான பிரஷ் போதும். ஈரத்துணியும் ஸ்பிரேயும் வேண்டாம். ட்வீட்டரின் குமிழை விரலால் தொடவே வேண்டாம். உள்ளே அமுங்கிப் போனால் வக்யூமால் இழுத்து எடுக்கப் பார்க்காதீர்கள், அதன் கொயில் வயர் தலைமயிர் அளவுதான்.

'ம்ம்ம்' என்று இரைந்தால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். எல்லா வயரையும் கழற்றிவிட்டு, கரண்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு பெரும்பாலும் வயரிலோ எர்த்திலோதான். திருத்தக் கொண்டு வந்தாலும் அந்த வயரையும் கையோடு கொண்டு வாருங்கள்.