வட்டி இறங்க முறி விலை ஏறுவது ஏன்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "நிலையான வைப்பு முதிர்ந்துவிட்டது. புதுப்பித்தால் முந்தைய வட்டியில் பாதிகூட இல்லை. திறைசேரி முறி வாங்கு என்கிறார்கள். வட்டி இறங்கினால் முறிக்கு இலாபமாம். வட்டி இறங்கினால் எனக்கு நட்டம்தானே?"

கடைத்தெருவில் காசோலை மாற்றுவதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். மூன்று மாதத்துக்குப் பின்திகதியிட்ட ஒரு இலட்சம் ரூபாய்க் காசோலையைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கே 97,000 வாங்கிக்கொண்டு போவார் ஒரு வியாபாரி. அவருடைய பெயர் சந்தையில் கொஞ்சம் கெட்டுவிட்டால் அதே காசோலைக்கு 94,000தான் கிடைக்கும். மாற்றிக் கொடுப்பவருக்கு முதலாவதில் ஆண்டுக்கு 12.4 வீதம், இரண்டாவதில் 25.5 வீதம். காசோலையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது இன்று கைமாறும் காசு மட்டும்.

அரசாங்கம் பல ஆண்டுகளுக்கு வாங்கும் கடனுக்கான பத்திரம் திறைசேரி முறி. ஓராண்டுக்குள் தீரும் கடனுக்கானது திறைசேரி உண்டியல். முதலில் உண்டியலைப் பார்ப்போம்: அது இலங்கை அரசாங்கத்தின் பின்திகதிக் காசோலை. 91, 182, 364 நாள் என்று மூன்று தவணைகளில் வரும். அதற்குத் தனியாக வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. முதிர்வில் 100 ரூபாய் தருவார்கள், இன்று 92.59 கொடுத்து வாங்கினால் ஓராண்டில் கிடைப்பது 8 வீதம். 90.91 கொடுத்திருந்தால் 10 வீதம். 76.92 என்றால் 30 வீதம். இந்த வீதத்தைத்தான் விளைவு வீதம் என்கிறார்கள். விலையும் விளைவு வீதமும் இரண்டு வேறு பொருட்கள் அல்ல. ஒன்றையே இரண்டு பக்கத்திலிருந்து வாசிக்கிறோம்.

அந்த விலை புதன்கிழமைகளில் ஏலத்தில் தீர்மானமாகிறது. கடற்கரை மீன் ஏலத்தில் கூடக் கேட்டவருக்குக் கூறு போகும். இங்கே குறைந்த வட்டி கேட்டவருக்கே முதலிடம். குறைந்த வட்டி என்றால் கூடிய விலை என்பதால் உண்மையில் அதுவும் இதுவும் ஒன்றுதான். 100 கோடி ரூபாய் உண்டியல் விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். ஏலத்தில் கேட்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர்கள் 7.80 வீதத்துக்கு 40 கோடி, 7.90க்கு 30 கோடி, 8.00க்கு 50 கோடி, 8.40க்கு 60 கோடி என்று கேட்கிறார்கள். கீழிருந்து எடுத்துக்கொண்டு வந்தால் 8.00இல் 30 கோடியோடு நூறு நிரம்பிவிடும். 8.40 கேட்டவர் வெறுங்கையோடு போவார். மறுநாள் பத்திரிகையில் வருவது நிறையேற்றப்பட்ட சராசரி: 7.89.

8.40 கேட்டவரிடமும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை அரசாங்கத்துக்கு வந்தால்? முன்பு அதற்கு ஒரு பின்கதவு இருந்தது. விற்காத உண்டியலை மத்திய வங்கியே வாங்கிக்கொள்ளும். 'காசு அச்சடிப்பது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மத்திய வங்கியின் கையில் இப்படிச் சேர்ந்த உண்டியல்கள் 2022இல் 2 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டின. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் ஏலத்தில் நேரடியாக வாங்குவதைத் தடுத்து அந்தக் கதவை மூடியது. என்னைக் கேட்டால், சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தாண்டில் நடந்த பெரிய நன்மை இதுதான். ஆனால் தேர்தல் மேடைகளில் இதைப்பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

அரசியல் செய்தி விளைவு வீதத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்குத் திருகோணமலையிலேயே உதாரணம் உண்டு. 2022 சனவரி 6இல் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. 61 தாங்கிகள் 51க்கு 49 என்ற பங்கில் கூட்டு நிறுவனத்துக்குப் போயின. ஊரெங்கும் அதே பேச்சு. சந்தையோ அதே மாதம் 18ஆம் திகதியைப் பார்த்துக்கொண்டிருந்தது: அன்று 50 கோடி டொலர் இறைமை முறி ஒன்றை, அதாவது அரசாங்கம் வெளிநாட்டில் டொலரில் விற்ற முறியை, திருப்பிக் கட்டவேண்டியிருந்தது. கட்டினார்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். தாங்கி, துறைமுகம், கைத்தொழில் வலயம் எல்லாம் பல ஆண்டு கழித்து வரும் காசு. உண்டியல் வாங்குபவரின் கவலை அடுத்த மூன்று மாதம்தான்.

2022 யூலையில் கொள்கை வட்டி வீதத்தின் மேல் எல்லை, அதாவது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம், 15.50. அதே ஆண்டின் பிற்பகுதியில் உண்டியல்களின் விளைவு வீதம் 30ஐத் தாண்டியது. நடுவில் நின்ற ஏறத்தாழ 15 வீதம் எதற்கு விலை? பயத்துக்கு. உள்நாட்டுக் கடனிலும் கைவைப்பார்கள், நம் காசோலையும் திரும்பும் என்ற பயம். 2023 யூலை தொடக்கத்தில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது பொதுமக்களின் உண்டியல்களைத் தொடவில்லை. மத்திய வங்கி வைத்திருந்தவற்றையே மாற்றினார்கள். பயம் கழன்றது, விளைவு வீதம் மளமளவென்று சரிந்தது. பாரத்தைச் சுமந்தது ஊழியர் சேமலாப நிதி: பழைய முறிகளைக் கொடுத்து, தொடக்கத்தில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் தரும் புதியவற்றை வாங்கவேண்டியதாயிற்று. மறுத்தால் நிதியின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 ஆகும் என்றார்கள். அதைத் தெரிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணவீக்கத்தைப் பற்றி ஒன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 வீதம் காட்டியது. 'பணவீக்கம் 70, உண்டியல் 30, இது பைத்தியக்காரத்தனம்' என்று ஒதுங்கியவர்கள் பலர். ஆனால் 69.8 என்பது கடந்துபோன பன்னிரண்டு மாதத்தின் கணக்கு. உண்டியல் சம்பாதிப்பது வரப்போகும் பன்னிரண்டு மாதத்தில். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம். 30 வீதத்துக்கு வாங்கியவரின் உண்மையான ஆதாயம் 28 வீதத்துக்கு மேல்.

இனி முறி. ஆசிரியரின் கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஐந்தாண்டு முறி, 12 வீதக் கூப்பன் (முறியில் எழுதப்பட்ட ஆண்டு வட்டி) என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 6 ரூபாயாகப் பத்துத் தடவை, கடைசித் தடவை கூடவே 100 ரூபாய். அதாவது பத்துப் பின்திகதிக் காசோலைகளை ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் இன்றைய விளைவு வீதத்தில் மாற்றிக் கூட்டினால் முறியின் விலை. விளைவு வீதம் 12 என்றால் விலை சரியாக 100. 8க்கு இறங்கினால் 116.22. 16க்கு ஏறினால் 86.58.

எவ்வளவு ஆடும் என்பதை எப்படி முன்கூட்டிச் சொல்வது? நீளமான துலா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நுனிவரை ஆண்டுகளைக் குறியுங்கள்: அரை, ஒன்று, ஒன்றரை என்று ஐந்துவரை. ஒவ்வொரு குறியிலும் அந்தக் கொடுப்பனவின் இன்றைய பெறுமதியைப் பாரமாகத் தொங்கவிடுங்கள். நுனியில் 106 ரூபாயின் இன்றைய பெறுமதி, 12 வீதத்தில் ஏறத்தாழ 59 ரூபாய்ப் பாரம். மற்ற இடங்களில் சின்னச் சின்னப் பாரங்கள். துலா எந்த இடத்தில் தாங்கினால் சமநிலையில் நிற்கும்? 12 வீதத்தில் கணக்குப் பார்த்தால் 3.9 ஆண்டில். அந்த நீளம்தான் முறியின் கை. 1938இல் ஃபிரெடெரிக் மெக்காலே என்ற பொருளியலாளர் கண்ட அளவு இது. பாடசாலையில் படித்த புவியீர்ப்பு மையத்தைக் காலத்தின்மீது வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். விளைவு வீதம் 1 வீதம் அசைந்தால் விலை ஏறத்தாழ இந்தக் கையின் நீளத்துக்கு அசையும்: அரையாண்டு வட்டிக்குச் சிறு திருத்தம் செய்தால் 3.7 வீதம். பத்தாண்டு முறிக்குக் கை 6.1 ஆண்டு, அசைவு 5.7 வீதம். 91 நாள் உண்டியலில் ஒரே பாரம், அதுவும் கால் ஆண்டுக் குறியில். அசைவு கால் வீதமே.

இன்னொரு அழகு. மேலே உள்ள எண்களை மறுபடி பாருங்கள்: 4 வீதம் இறங்கியபோது விலை 16.22 ஏறியது, 4 வீதம் ஏறியபோது 13.42தான் இறங்கியது. ஏன் சமமில்லை? விளைவு வீதம் இறங்கும்போது தூரத்துக் காசோலைகளின் இன்றைய பெறுமதிதான் அதிகம் கூடுகிறது. நுனி கனக்க, சமநிலைப் புள்ளி நுனிப்பக்கம் நகர்கிறது. கை நீளுகிறது. ஏறும்போது கை குறுகுகிறது. முறி வைத்திருப்பவருக்கு இயற்கை கொடுத்த சின்னச் சலுகை.

ஆக, ஆசிரியரே, 'வட்டி இறங்கினால் இலாபம்' என்பது இறங்குமுன்பே வாங்கி வைத்திருந்தவர்களுக்கு. அதே முறியை இன்று 116.22க்கு வாங்கினால் கூப்பன் 12 என்றுதான் எழுதியிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது 8. முதிர்வில் 100தான் தருவார்கள், மேலே கொடுத்த 16 ரூபாய் 22 சதம் ஐந்தாண்டில் கரைந்துபோகும். மேலதிக இலாபம் வேண்டுமென்றால் விளைவு வீதம் இன்னும் இறங்கவேண்டும். அது நடக்குமா என்பதைச் சனிப்பெயர்ச்சி பார்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதைவிடப் பணவீக்க இலக்கான 5 வீதத்தையும் டொலர் விலையையும் பார்ப்பது உத்தமம்.

மாதம் 5 வீதம் தருகிறோம் என்று யாராவது வீடு தேடி வந்தால் ஒரே கணக்கு போதும். கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 79.6 வீதம். வங்குரோத்தான அரசாங்கமே 30ஐச் சுற்றிக் கொடுத்துத் தப்பியது. அதைவிட மோசமான நிலையில் உள்ளவர்தான் 80 கொடுக்க முன்வருவார்.

வாங்குவது கடினமில்லை. முதனிலை வணிகரிடமோ அந்தச் சேவை தரும் வங்கியிலோ தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரத்தோடு போனால் மத்திய வங்கியின் மின்பதிவேடான லங்காசெக்கியூரில் உங்கள் பெயரில் கணக்குத் திறப்பார்கள். பத்திரம் காகிதமாக வராது, அங்கே பதிவாகும். முகப்புப் பெறுமதி 5 இலட்சம், 364 நாள், 8 வீதம் என்றால் கட்டவேண்டியது 4,62,963 ரூபாய். வட்டி 37,037. 2025 ஏப்ரல் முதல் பிடித்துவைத்தல் வரி 10 வீதம், ஆகவே கையில் மிஞ்சுவது 33,333, அதாவது 7.2 வீதம். வங்கி வைப்போடு ஒப்பிடும்போது இரண்டிலும் வரிக்குப் பிந்தைய எண்ணையே எடுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். இடையில் காசு தேவைப்பட்டு விற்கப் போனால் வணிகர் சொல்லும் விலைதான் விலை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி சிறு தொகைகளுக்குப் பெரிதாக இருக்கும். அடுத்து, முதிர்வில் என்ன செய்வது என்று எழுதிக் கொடுக்காவிட்டால், கேட்காமலே மறுபடி முதலீடாகிவிடக்கூடும். மூன்றாவது, உண்டியல் என்று நினைத்து மீள்கொள்வனவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. அதில் உண்டியல் பிணையாக நிற்கும், கடன் கொடுத்தது வணிகருக்கு. லங்காசெக்கியூரிலிருந்து நேரடியாக வரும் கூற்றில் உங்கள் பெயருக்கு நேரே முகப்புப் பெறுமதியும் முதிர்வுத் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். திருகோணமலையில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமே இருக்கிறது, கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை.