கரடிப் படத்தைப் பற்றி ஒரு பள்ளி நூலகரின் வேண்டுகோள்

காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் மலையேறி வந்த அன்று காலையில் என் மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. உள்ளே ஒரு புத்தகம் ஈரத்தில் ஊறி, உப்பி, இரண்டு பங்கு தடிமனாகக் கிடந்தது. ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் எழுதிய 'நார்தர்ன் லைட்ஸ்', மூன்று நூல் கொண்ட கதை வரிசையின் முதல் நாவல். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடுமுறைக்கு இரவல் எடுத்துப் போனது. அவளுடைய வீடு சேலத்தில். அந்தப் புத்தகம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அவளுடைய அப்பா அதை மொட்டைமாடியில் வைத்துவிட்டார். அக்டோபர் மழை மற்றதைப் பார்த்துக்கொண்டது.

அவளுடைய அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மேடம், தப்பாக நினைக்காதீர்கள். அது கடவுளைக் கொல்லும் கதையாமே. எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் செய்தி வந்தது."

"நீங்கள் படித்துப் பார்த்தீர்களா அம்மா?"

"இல்லை. படம் பார்த்தோம், கரடி வருமே, அது. அதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார்களாம்."

பதினெட்டு ஆண்டுகளாக ஏற்காட்டில் பள்ளி நூலகராக வேலை செய்கிறேன். இந்த ஒரு புத்தகத்துக்காக மட்டும் எனக்கு வந்த ஐந்தாவது புகார் இது. முதல் நான்கின்போதும் பொறுமையாகப் பேசி அனுப்பினேன். இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். மலையில் மூடுபனிக் காலத்தில் காய்ந்த புத்தகத்தைக் காப்பாற்றவே நாங்கள் படாத பாடு படுகிறோம். பூஞ்சணம் ஒரு பக்கம், இராமபாணப் பூச்சி ஒரு பக்கம். நனைந்த புத்தகம் ஒன்றை அலமாரியில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பத்தும் கெடும்.

முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம். ஐந்து பெற்றோரும் எனக்குக் காட்டியது ஏறக்குறைய ஒரே செய்திதான். "விரைவில் திரைக்கு வரும் படம், குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள், படத்தில் விஷத்தைக் குறைத்திருக்கிறார்கள், படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் புத்தகத்தைக் கேட்பார்கள், அதுதான் திட்டம்." இந்த நாவலை வைத்து எடுத்த அந்தப் படம் 'தி கோல்டன் கம்பஸ்'. அது வெளிவந்தது 2007 டிசம்பரில். அமெரிக்காவில் அந்த ஆண்டு கத்தோலிக்க அமைப்பு ஒன்று படத்தைப் புறக்கணிக்கச் சொன்னபோது சுற்றிய எச்சரிக்கையைத்தான் யாரோ தமிழாக்கி விட்டிருக்கிறார்கள். அன்று பிறந்த குழந்தை இன்று வாக்குரிமை உள்ள இளைஞர். "விரைவில் திரைக்கு வரும்" என்ற சொற்களைக் கூட ஒருவரும் நின்று படிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்து, 'டீமன்'. இதை எத்தனை முறை சொன்னாலும் தீரவில்லை. இந்தக் கதையில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு டீமன் உண்டு என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்கிறது. வீட்டார் காதில் பேய், பிசாசு, சாத்தான் என்று விழுகிறது. ஆங்கிலத்தில் பேயைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒலியில் ஒன்று போல இருக்கின்றன, எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் போய்விடுகிறது. புல்மன் எடுத்துக்கொண்டது பழைய கிரேக்கச் சொல்லை. தவறான காரியத்தில் இறங்கும்போது தன்னைத் தடுக்கும் ஒரு குரல் உள்ளே கேட்கிறது என்று சாக்ரடீஸ் சொன்னாரே, அந்தக் குரலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது இது. கதையில் டீமன் என்பது மனிதரின் உயிர். நமக்கு உள்ளே இருப்பது அவர்களுக்கு ஒரு விலங்காகவோ பறவையாகவோ வெளியே, கூடவே நடந்து வருகிறது. குழந்தையாக இருக்கும்வரை அது நிமிடத்துக்கு நிமிடம் உருமாறும். அந்துப்பூச்சி, பூனை, குருவி என்று. வளர்ந்ததும் ஒரே உருவில் நிலைத்துவிடும். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான கற்பனை எது? தான் என்னவாக ஆகப்போகிறோம் என்பதுதானே அந்த வயதின் ஒரே கேள்வி! எழுதியவர் ஆக்ஸ்போர்டில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த வயதை வகுப்பறையில் பார்த்து எழுதியிருக்கிறார். பேய் வழிபாடும் இல்லை, மாந்திரீகப் பாடமும் இல்லை. தயவுசெய்து இந்த ஒன்றையாவது பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

கதையில் உண்மையிலேயே பயங்கரமானது வேறு. வடதுருவத்துப் பனியில் ஒரு நிலையம். கடத்திவரப்பட்ட குழந்தைகளை அங்கே அவர்களுடைய டீமனிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். உயிரைப் பிரித்து உடலை விட்டுவைக்கும் வேலை. கூண்டுக்குள் கதையின் நாயகியான சிறுமி லைரா அலறும் காட்சி படத்திலும் உண்டு. கவச உடை பூண்ட இரண்டு பனிக்கரடிகள் மோதும்போது ஒன்றின் தாடை பிய்ந்து பறப்பதும் உண்டு. அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற தரச்சான்றைத்தான் கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையைத் தொலைக்காட்சி முன் தனியாக உட்காரவைத்துவிட்டு, கடவுள் நிந்தை இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறோம். அந்தப் பிள்ளை இரவில் விழித்துக்கொண்டு அழுவதைப் பற்றி ஐந்து பெற்றோரில் ஒருவர் கூட என்னிடம் பேசவில்லை.

படம் மோசமா என்று கேட்டால், எனக்கு அது அரைகுறைப் படம். நல்லதை முதலில் சொல்கிறேன். குழந்தைகளைக் கடத்தும் கூட்டத்தின் தலைவி திருமதி கோல்டராக நிக்கோல் கிட்மன் வருகிறார். தன் டீமனான பொன்னிறக் குரங்கை அறைந்துவிட்டு மறுகணமே வாரி அணைத்துக்கொள்ளும் ஒரு காட்சி போதும், அந்தப் பெண் தன்னையே எவ்வளவு வெறுக்கிறாள் என்பது வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது. லைராவாக நடித்த டகோட்டா புளூ ரிச்சர்ட்ஸுக்கு அதுதான் முதல் படம். அடங்காத பிள்ளையாக, பொய் சொல்லத் தெரிந்த பிள்ளையாக அப்படியே வந்து நிற்கிறார். காட்சி ஜாலங்களுக்காக ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்தப் பனிக்கரடிகளுக்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும்.

ஆனால் படத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. 113 நிமிடத்தில் ஒரு பெரிய நாவலை ஓட்டிக் காட்டுகிறார்கள். டீமன் என்றால் என்ன, கதையின் மர்மப் பொருளான 'தூசு' என்றால் என்ன, யார் எதிரி என்று எல்லாவற்றையும் முதல் சில நிமிடங்களில் ஒரு குரல் ஒப்பித்துவிடுகிறது. புத்தகத்தில் லைராவோடு சேர்ந்து நாமும் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொள்கிறோம். அந்தச் சுகம் படத்தில் போய்விட்டது. அதைவிடப் பெரிய குறை, முடிவு. நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்களைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வானூர்தியில் லைராவும் நண்பனும் நம்பிக்கையோடு பறப்பதோடு படம் நிற்கிறது. புத்தகம் அங்கே நிற்பதில்லை. அந்த நண்பன் இறக்கிறான், அதுவும் லைரா பெரிதும் நம்பிய ஒருவர் கையால். படத்தைப் பார்த்துவிட்டோம் என்ற துணிவில் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கடைசி அத்தியாயங்களைப் படித்துவிட்டு ஒரு பையன் என் மேசை அருகே வந்து ஒன்றும் பேசாமல் நின்றிருக்கிறான்.

இனி சமயம். பெற்றோரின் கவலை ஆதாரமே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். புல்மன் தன் கடவுள் மறுப்பை ஒளித்தவர் அல்லர். கதையில் குழந்தைகளை வதைக்கும் அதிகார பீடத்தின் பெயர் 'மாஜிஸ்டீரியம்'. கத்தோலிக்கத் திருச்சபை தன் போதிக்கும் அதிகாரத்துக்கு வைத்திருக்கும் சொல் அது. எங்கள் மலையில் சிஸ்டர்கள் பலர். அவர்களில் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டு முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் நியாயமானது. மூன்றாம் நூலில் 'அதிகாரி' என்று அழைக்கப்படும் ஒருவர் இறக்கிறார். அவர் உலகத்தைப் படைத்தவர் அல்லர். படைத்தேன் என்று பொய் சொன்ன முதல் தேவதூதர். தள்ளாத கிழவராக, பளிங்குப் பெட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவரைப் பிள்ளைகள் இரக்கப்பட்டு வெளியே விடுகிறார்கள். காற்று பட்டதும் கரைந்துபோகிறார். 'கடவுளைக் கொல்லும் கதை' என்று செய்தியில் வந்தது இந்த இரண்டு பக்கத்தைத்தான். இதை நம்பிக்கை உள்ளவர் ஏற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுக்கலாம் அல்லவா?

இந்த விவகாரம் கடவுளை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் இடையே நடந்த நேர்ச்சண்டையும் அல்ல. ஆங்கிலிக்கத் திருச்சபையின் அப்போதைய தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் 2004இல் இந்தக் கதையின் மேடை நாடகத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார். சமயப் பாட வகுப்பில் இதைப் பேசலாம் என்றார். புல்மனோடு ஒரே மேடையில் அமர்ந்து விவாதித்தார். 2007இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் சார்பில் வந்த விமர்சனம் படத்துக்குச் சாதகமாகவே இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெறப்பட்டது. வத்திக்கான் நாளிதழ் படத்தைச் சாடியது. மறுபுறம், சமயச் சார்பற்ற அமைப்பினர் கதையின் கூர்மையை மழுங்கடித்துவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டார்கள். ஏறத்தாழ 18 கோடி டாலர் செலவழித்த படம் அமெரிக்காவில் சுமார் 7 கோடியைத்தான் எடுத்தது. வெளிநாடுகளில் நன்றாகவே ஓடியது. ஆனாலும் அடுத்த பாகம் வரவில்லை. யாரையும் நோகடிக்கக் கூடாது என்று கதையின் முதுகெலும்பை உருவிய பிறகும் படம் யாருடைய கோபத்திலிருந்தும் தப்பவில்லை. மூன்று நூல்களும் ஒழுங்காகத் திரைக்கு வந்தது 2019 முதல் 2022 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரில்தான்.

சேலத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் அந்த முகப்பு வளைவைத் தாண்டித்தான் மேலே வருகிறீர்கள். அங்கே 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி' குண்டலகேசிக் கதையிலிருந்து பிறந்த படம். குண்டலகேசி பௌத்தக் காப்பியம். கணவனை மலையிலிருந்து தள்ளிய பெண் துறவியாகி ஊர் ஊராகப் போய்ச் சமய வாதம் செய்வதுதான் அதன் உயிர். படம் மலையுச்சியை வைத்துக்கொண்டு பௌத்தத்தை விட்டுவிட்டது. குண்டலகேசியைப் படித்துக் கொதித்த சமணர் என்ன செய்தார்கள்? மொட்டைமாடியில் வைக்கவில்லை. நீலகேசி என்று இன்னொரு காப்பியம் எழுதினார்கள். அதன் நாயகியே ஒரு பேய். சமண முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்தி, குண்டலகேசியையே வாதத்தில் வெல்கிறாள். குண்டலகேசி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும் சில பாடல்களைக் காத்துக் கொடுத்ததில் அதை மறுக்கப் பிறந்த நீலகேசியின் உரைக்கும் பங்கு உண்டு. புல்மன் செய்ததும் அதே வேலைதான். கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊன்றி சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா சிறுவர் கதைகள் அவருக்குப் பிடிக்காது; அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். இரண்டையும் நான் ஒரே அடுக்கில் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். நார்னியாவில் சூனியக்காரியே வருகிறாள். அதற்கு இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படத்தை முதலில் நீங்கள் பாருங்கள், இரண்டு மணி நேரம் கூட ஆகாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காட்டவே வேண்டாம். அதற்கு மேல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கூண்டுக் காட்சி வரும்போது கைப்பேசியை எடுக்காதீர்கள். முதல் நூலைப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் கொடுக்கலாம். கடைசி மூன்று அத்தியாயங்களைப் பிள்ளை எந்த நாளில் படிக்கிறது என்று தெரிந்துவைத்திருங்கள். மூன்றாம் நூலை நானே எட்டாம் வகுப்புக்குக் கீழே கொடுப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு இந்த நூல் வேண்டவே வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், பதிவேட்டில் குறித்துவைத்துக்கொள்கிறேன், கொடுக்க மாட்டேன். அது உங்கள் உரிமை. மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்வது உங்கள் உரிமை இல்லை. செய்தி வந்தால் தேதியைப் பாருங்கள், படத்தின் பெயரைப் பாருங்கள், அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை அழையுங்கள். பிள்ளை "கடவுள் பொய் சொல்வாரா?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். உங்களிடம் பதில் இல்லையென்றால் சிஸ்டரிடமோ, பாட்டியிடமோ, ஓதுவாரிடமோ அழைத்துப் போங்கள். கேட்ட பிள்ளை இன்னும் உங்களிடம்தான் கேட்கிறது.

அந்தப் புத்தகத்தைப் பத்துத் தாளுக்கு ஒன்றாக உறிஞ்சுதாள் செருகி, மின்விசிறிக் காற்றில் விரித்து ஒன்பது நாள் காயவைத்தேன். தாள்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன, எழுத்துக்குப் பழுதில்லை. பைண்டிங் செய்யக் கொடுத்திருக்கிறேன். அதே வரவு எண்ணோடு அடுக்குக்குத் திரும்பும்.

காயவைக்கும்போது நடுவில் மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. நீல மை சற்றுக் கரைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. வீட்டில் யாருக்கு எந்த விலங்கு டீமனாக இருக்கும் என்று அவள் பட்டியல் போட்டிருந்தாள். பாட்டிக்குக் காகம். அம்மாவுக்கு அணில். தம்பிக்கு இன்னும் நிலைக்கவில்லை. அப்பாவுக்குக் காட்டெருமை, பக்கத்தில் சின்ன எழுத்தில், "பார்த்தால் பயமாக இருக்கும், கிட்டே போனால் ஒன்றும் செய்யாது" என்று எழுதியிருந்தாள். மாடியில் கிடந்த ஒரு வாரமும் அவர் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்ததிலிருந்து அவள் நூலக நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள், அடுக்குப் பக்கம் வருவதில்லை. பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவும் வருகிறார். நூலகத்துக்கு ஒருமுறை வந்துபோகும்படி கேட்டிருக்கிறேன். அந்தச் சீட்டை அவளிடம் கேட்டுவிட்டு அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.