புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

பத்தாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்த பிறகு எப்போது கோடு போட்டு இணைக்கலாம், எப்போது கூடாது?"

ஒரு நோட்டு 40 ரூபாய் என்றால் இரண்டுக்கு 80, மூன்றுக்கு 120. கடையில் இரண்டரை நோட்டு கேட்க முடியாது. அதனால் புள்ளிகள் தனித்தனியாகவே நிற்கும். இது தனிநிலைச் சார்பு. அடுப்பில் வைத்த தண்ணீர் 40 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போக வேண்டுமானால் இடையிலுள்ள எல்லா வெப்பநிலையையும் தொட்டாக வேண்டும். இதைக் கையெடுக்காமல் வரையலாம். இது தொடர் சார்பு.

சரி, தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் தனிநிலைப் புள்ளிகளிலிருந்து ஒரு தொடர் வளைகோடு அப்படியே திரும்பி வரும் இடம் ஒன்று உண்டு. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்கும் தொடர் வளைகோடு. சிடியில் பதியும்போது அதை நொடிக்கு 44,100 முறை அளந்து, அந்த எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நடுவிலுள்ளதை எங்குமே எழுதி வைப்பதில்லை. பிறகு பாட்டு எப்படி முழுசாகக் கேட்கிறது?

இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோட்டை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்தான். ஆனால் வேறு மாதிரி வளைத்துவிட்டு எல்லாப் புள்ளிகளையும் தொட வேண்டுமென்றால், கோடு எங்கோ ஓரிடத்தில் வேகமாக நெளிந்தே தீரும். வேகமான நெளிவு என்றால் உயர் அதிர்வெண். நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுக்கு, மேல் கேட்பதில்லை என்பதால், அளப்பதற்கு முன்பே அதற்கு மேலுள்ள அதிர்வெண்களை வடிகட்டிவிடுகிறார்கள். அளக்கும் வேகத்தில் பாதியான 22,050 ஹெர்ட்ஸை எட்டும் நெளிவு கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டால், அத்தனை புள்ளிகள் வழியாகவும் போகக்கூடிய வளைகோடு ஒன்றே ஒன்றுதான். கிட்டத்தட்ட அதே கோடு என்றுகூட இல்லை, அதே கோடு! அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு நிரூபணம் இருக்கிறது.

அளந்த உயரத்தை 65,536 மட்டங்களில் மிக அருகிலுள்ள ஒன்றாக மாற்றி எழுதுவதால் மெல்லிய இரைச்சல் சேரும். அது வேறு கணக்கு. ஆனால் 'டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி உடைந்து வரும்' என்பது வெறும் நம்பிக்கை. அதைச் சொல்லி விலை கூடிய கருவிகளை விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய தொலைபேசி இணைப்புகளில் நொடிக்கு 8,000 அளவுகள்தான். எனவே சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டிவிடுவார்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது 'எஸ்' என்பது மறுமுனையில் 'எஃப்' என்று கேட்பது அதனால்தான்; இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது.