உயர்தரப் பௌதிகவியலும் இணைந்த கணிதமும்: கட்டணமின்றிப் பெறக்கூடிய இணைய வளங்கள் பற்றித் திருகோணமலை மாணவருக்கு ஒரு விளக்கம்

இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தபோது அதன் பொருள் கட்டணமில்லாத வகுப்பறை என்பதாகவே இருந்தது. 1980 முதல் இலவசப் பாடநூல்களும் அதனோடு சேர்ந்தன. ஆனால் பாடநூல் விநியோகம் தரம் 11 உடன் நின்றுவிடுகிறது. தரம் 12இல் பௌதிக விஞ்ஞானப் பிரிவைத் தெரிவுசெய்யும் மாணவருக்கு முன்னர்போல ஆண்டுத் தொடக்கத்தில் பாடநூற் கட்டு கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை ரியூட்டரிகளில் (தனியார் வகுப்பு நிலையங்களில்) விலைக்கு விற்கப்படும் ரியூட்கள் என்னும் அச்சிட்ட குறிப்புகள் நிரப்புகின்றன. அந்த ரியூட்களுக்கு அடிப்படையான பாடத்திட்டமும் கடந்தகால வினாத்தாள்களும் அரச நிறுவனங்களின் இணையத்தளங்களில் தமிழிலேயே, பணம் செலுத்தாமல், யாருடைய சிபாரிசும் இன்றிப் பெறக்கூடியவை என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பதில்லை.

இவற்றில் முதலிடம் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்துக்கு உரியது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இந்நிறுவகமே பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் ஆக்குகிறது. அதன் தளத்திலிருந்து உயர்தரப் பாடங்களுக்கான பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, வள நூல் ஆகியவற்றைத் தமிழ்மொழியில் தரவிறக்கிக்கொள்ளலாம். வழிகாட்டி ஆசிரியருக்கென எழுதப்பட்டதாயினும் அதை மாணவர் வாசிப்பதற்குத் தடையேதும் இல்லை. என் கருத்தில் கட்டாயம் வாசிக்கவும் வேண்டும். ஒவ்வோர் அலகிலும் மாணவர் எட்டவேண்டிய கற்றற்பேறுகள், அதற்கு ஒதுக்கப்பட்ட பாடவேளைகள், எந்த எல்லையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பன அதில் எழுத்தில் உள்ளன. பௌதிகவியலில் அளவீடு தொடங்கிச் சடமும் கதிர்ப்பும் வரை பதினொரு அலகுகள் உள்ளன. அவற்றில் ‘பொறியியல்’ (விசை, இயக்கம் பற்றியது), ‘அலைவுகளும் அலைகளும்’ ஆகிய இரண்டுமே மிகுதியான பாடவேளைகளை எடுத்துக்கொள்கின்றன. இதை அறிந்த மாணவர் தமது நேரத்தைப் பங்கிடும்போது ஊகத்தை நம்பவேண்டியதில்லை.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இரண்டாவது. தரம் 1 முதல் உயர்தரம் வரையான பாடங்கள் மும்மொழிகளிலும் அங்கே வகைப்படுத்தப்பட்டுள்ளன. தரம் 11 வரையான பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் தரவிறக்கலாம். சாதாரணதரக் கணிதத்தில் அட்சரகணிதம் தளம்புகின்ற மாணவர் இணைந்த கணிதத்தைத் தொடுமுன் அந்நூல்களுக்கு ஒருதரம் திரும்பிச் செல்வது நேரவிரயம் ஆகாது.

மூன்றாவது, பரீட்சைத் திணைக்களம். அதன் தளத்தில் கடந்தகால வினாத்தாள்களும் மதிப்பீட்டு அறிக்கைகளும் உள்ளன. வினாத்தாளை எல்லாரும் தேடுகிறார்கள். அறிக்கையையும் புள்ளித்திட்டத்தையும் தேடுவோர் குறைவு. இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று மணித்தியாலம். பகுதி அ-வில் பத்து வினாக்களுக்கும் விடையளிக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள்; பகுதி ஆ-வில் ஏழில் ஐந்துக்கு விடையளிக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளிகள். புள்ளித்திட்டத்தைத் திறந்து பார்த்தால், 25 புள்ளிகள் இறுதி விடைக்கு மொத்தமாக வழங்கப்படாமல், ஐந்தைந்தாகப் பிரிந்து வட்டமிடப்பட்டுச் சமன்பாடு எழுதிய வரிக்கும் பிரதியிட்ட வரிக்கும் பக்கத்தில் நிற்பது தெரியும். விசை வரிப்படத்தைச் சரியாகக் குறித்து, நியூற்றனின் இரண்டாம் விதியை உரிய திசையில் பிரயோகித்த மாணவர், சுருக்குவதில் தவறினாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. விடையை மட்டும் எழுதியவரோ, அது சரியாக இருந்தாலும், வழிக்கான புள்ளிகளை எதிர்பார்க்க முடியாது. இந்த ஒன்றை எத்தனை மணிநேரக் காணொளியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

விரிவுரைக் காணொளிகளை இவற்றுக்குப் பின்னரே வைக்கவேண்டும். மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2001இல் அறிவித்த திறந்த பாடநெறித் திட்டம், இந்திய ஐஐடிக்கள் நடத்தும் என்பிடெல், கான் அகடமி ஆகிய மூன்றிலும் பதிவுக்கட்டணமின்றி விரிவுரைகளைப் பார்க்கலாம். இவற்றில் முதலிரண்டும் பல்கலைக்கழக மட்டத்துக்கு உரியவை. அமெரிக்க விரிவுரையாளர் இயக்கவியலை முதல் வாரத்திலிருந்தே நுண்கணிதத்தோடு கற்பிப்பார். எமது உயர்தரப் பௌதிகவியல் நுண்கணிதத்தை வேண்டுவதில்லை, அது இணைந்த கணிதத்தில் தனியாக வருகிறது. எனவே தரம் 12இன் முதல் தவணையில் அவற்றைத் திறந்துவிட்டு எதுவும் விளங்கவில்லை என்று மனம் சோர்வதில் பொருளில்லை. வகையீடும் தொகையீடும் கைவந்த பின்னர் அதே விரிவுரை நன்றாகவே விளங்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெற் (PhET) என்னும் கணினி ஒப்புருவாக்கங்கள் பலவற்றைத் தமிழிலேயே இயக்கலாம். மின்சுற்றுகளுக்கும் அலைகளுக்கும் அவை மிகவும் உகந்தவை. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்ப்போர் அங்குள்ள கலைச்சொற்களை விடைத்தாளுக்குக் கொண்டுவராமல் எமது பாடத்திட்டச் சொற்களையே எழுதவேண்டும்.

திரை தரமுடியாதது செய்முறை. பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தவரை மனதில் வைத்தே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. நுண்மானித் திருகுக்கணிச்சியின் தாடைகளை மூடிப் பூச்சிய வழுவைக் குறித்துக்கொள்ளுதல், நகரும் நுணுக்குக்காட்டியை ஒரே திசையில் மட்டும் நகர்த்துதல் போன்றவை கை பழகவேண்டிய வேலைகள். ஆகவே பாடசாலை ஆய்வுகூடப் பாடவேளையை ரியூசனுக்காகத் தவறவிடுவது நட்டக் கணக்கு. மூதூர், கிண்ணியா, ஈச்சிலம்பற்று, குச்சவெளி போன்ற இடங்களில் ஆய்வுகூட வசதியோ பாட ஆசிரியரோ குறைவாக இருந்தால், அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனையின் ஆசிரிய ஆலோசகரிடம் எழுத்தில் கேட்கலாம். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என மாவட்டத்தில் ஐந்து வலயங்கள் உள்ளமையால் விண்ணப்பம் உரிய வலயத்துக்கே செல்லவேண்டும்.

ஆவணங்கள் இலவசமானாலும் டேட்டா இலவசமன்று. வினாத்தாள்களும் வள நூல்களும் பீடிஎஃப் கோப்புகளாக இருப்பதால் ஒருமுறை பாடசாலைக் கணினி அறையில் தரவிறக்கி யூஎஸ்பியில் எடுத்துச்சென்றால் ஒரு வகுப்புக்கே போதும். கரும்பலகை விரிவுரையைக் குறைந்த தெளிவில் பார்த்தாலும் எழுத்துத் தெரியும். அதற்கு உயர்ந்த தெளிவைத் தெரிவுசெய்து டேட்டாவைக் கரைப்பது வீண்.

பல்கலைக்கழக அனுமதியைப் பொறுத்தவரை, வெளிநாட்டுத் தளங்கள் தரும் சான்றிதழ் எதுவும், மாணவரைத் தரப்படுத்தும் இசட் புள்ளியில் சேராது. என்பிடெல்லில் விரிவுரை இலவசமாயினும் சான்றிதழ்ப் பரீட்சைக்குக் கட்டணம் உண்டு என்பதையும் கவனிக்கவேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பொது விதிப்படி அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையெனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. இருப்பினும் மூன்று பாடங்களிலும் ஆகக் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தியும், உயர்தரத்தோடு நடக்கும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளும் இல்லாதவருக்கு எந்த ஒதுக்கீடும் உதவாது. ஒரு மாணவர் எந்த மாவட்டத்தவராகக் கருதப்படுவார் என்பதற்கான விதிகள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலில் உள்ளன. நல்ல வகுப்பைத் தேடி உயர்தரத்துக்கெனப் பிள்ளையை வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற்ற எண்ணும் பெற்றோர், விடுகைப் பத்திரம் எடுக்குமுன் கைநூலின் அப்பகுதியை வாசித்துவிடவேண்டும்.