டிரைவை ரெண்டு இன்ச் தூக்கும் முன்

புதுச்சேரியில் ஸ்பீடு போட் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அண்ணே, இஞ்சினை ஒரு ரெண்டு இன்ச் தூக்கி உக்கார வச்சா மணிக்கு அஞ்சாறு மைல் வேகம் கூட வருமாமே?" வரும். எந்தப் படகுக்கு, எந்தத் தண்ணியில், எதை இழந்து வரும் என்பதை மட்டும் அவர்கள் பார்த்த வீடியோவில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்டெர்ன்டிரைவ் என்ற அமைப்பில் இஞ்சின் படகுக்குள், பின்பலகையை ஒட்டி இருக்கும். கியரும் புரொப்பல்லரும் உள்ள டிரைவ் பலகைக்கு வெளியே தொங்கும். வால்வோ பென்டா 1959இல் அக்வாமாட்டிக்கைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். இஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து படகின் அடிவரை உள்ள உயரத்தை எக்ஸ் அளவு என்பார்கள். இது கூடினால் டிரைவும் அதே அளவு மேலே ஏறும், தண்ணீருக்குள் இழுபடும் உலோகம் குறையும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் இழுவை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதனால்தான் அமெரிக்காவில் பந்தயப் படகு ஓட்டுபவர்கள் கால் அங்குலத்துக்குக்கூட மெனக்கெடுகிறார்கள். சுண்ணாம்பாற்றில் 20 நாட் வேகத்தில் ஆட்களை ஏற்றிப் போகும் படகுக்கு அந்த லாபம் கண்ணில் படவே படாது.

நஷ்டம் மட்டும் நன்றாகத் தெரியும். புரொப்பல்லர் தண்ணீரின் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்தால், அலை இறங்கும்போதும் படகைத் திருப்பும்போதும் மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். பிடி விட்டுப்போகும். இஞ்சின் திடீரென்று கத்தும், ஆர்பிஎம் முள் சடாரென்று ஏறும், படகு அப்படியே தொய்யும். மறு நொடி புரொப்பல்லர் மறுபடி தண்ணீரைக் கடிக்கும். அந்தக் கடிதான் டிரைவைக் கொல்வது. சுழற்சி இரண்டு இடத்தில் 90 டிகிரி திரும்பித்தான் புரொப்பல்லருக்குப் போகிறது. ஒவ்வொரு கடியின் அதிர்ச்சியும் அந்த இரண்டு இடத்துப் பல்சக்கரங்களிலும் வளைந்தபடியே சுழலும் இணைப்பான யூ ஜாயின்ட்டிலும் நேராகப் போய் இறங்கும். வழவழவென்று கிடக்கும் ஏரியில் எப்போதாவது நடப்பது, தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தைத் தாண்டி, மத்தியானக் கடற்காற்றில் குட்டை அலை எழும்பும் நேரத்தில், ஓட்டம் முழுக்க நடக்கும்.

அடுத்தது குளிரூட்டும் தண்ணீர். பல டிரைவ்களில் தண்ணீர் இழுக்கும் துளைகள் கியர் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. டிரைவைத் தூக்கினால் அவையும் மேலே வருகின்றன. நுரையும் காற்றும் கலந்து உள்ளே போனால், தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் காய்ந்து ஓடும். அது வேகமாகத் தேயும், சூடேறினால் இறக்கை பிய்ந்து குழாயில் போய் அடைக்கும். பந்தய டிரைவ்களில் கீழே, மூக்குப் பகுதியிலேயே தண்ணீர் துளை வைத்து, டேஷ்போர்டில் தண்ணீர் பிரஷர் கேஜும் மாட்டியிருப்பார்கள். இது இரண்டும் இல்லாமல் உயரத்தை மட்டும் காப்பி அடித்தால் வெப்பமானி சொல்லும்போது நேரம் கடந்திருக்கும்.

இனி நான் கையால் தொட்டுப் பார்த்த ஒன்று. ஒரு படகில் இஞ்சினைத் தாங்கும் முன்பக்க மவுன்ட் இரண்டுக்கும் கீழே தகடு தகடாக வைத்து "உயர்த்தி" இருந்தார்கள். பின்பக்கம் பலகையில் உள்ள ஹவுசிங்கோடு பூட்டியிருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் டிரைவ் ஒரு நூல்கூட ஏறாது, இஞ்சின் சாய்ந்துகொள்ளும், அவ்வளவுதான். முன் மவுன்ட்டில் திருகு வைத்திருப்பதே இஞ்சினையும் டிரைவையும் ஒரே கோட்டில் நிறுத்தத்தான். டிரைவைக் கழற்றி, அந்தக் கோடு சரியா என்று பார்க்கும் கம்பியான அலைன்மென்ட் பாரை கிரீஸ் தடவி உள்ளே விட்டேன்; பாதிவழியில் இறுகியது. இழுத்துப் பார்த்தால் கிரீஸில் பல்தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக, எதிர்ப்பக்கம் சுத்தமாக இருந்தது. சரியாக இருந்தால் பார் இரண்டு விரல் பலத்தில் சறுக்கிப் போகும், தடம் சுற்றிலும் ஒரே மாதிரி விழும். அந்தப் படகில் இஞ்சினையும் டிரைவ் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளரின் ரப்பர் கருகி வாடை அடித்தது, அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் கரகரவென்றது. எக்ஸ் அளவை உண்மையிலேயே மாற்ற வேண்டுமானால் பின்பலகையில் இருக்கும் துளையை அடைத்து, மேலே புதிதாக வெட்ட வேண்டும். அதற்கு மனசில்லையென்றால் 2 அங்குலம் குட்டையான கீழ்ப்பகுதி கிடைக்கிறது, அதுவும் சில டிரைவ்களுக்குத்தான். இது இரண்டும் இல்லாமல் குறுக்குவழி என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம்.

அதற்காகத் தாழ வைத்தால் பத்திரம் என்றும் இல்லை. இஞ்சின் தாழ இருந்தால் புகைக்குழாயின் வளைவு நீர்மட்டத்துக்கு அருகில் வந்துவிடும். பின்னால் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து, த்ராட்டிலைச் சட்டென்று குறைக்கும்போது பின்னால் வரும் அலை ஏறி வந்தால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகவும் வழியுண்டு. வளைவு நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்று இஞ்சின் கம்பெனி கையேட்டில் அளவு கொடுத்திருக்கும். முழுச் சுமையோடு படகைத் தண்ணீரில் நிறுத்தி அளந்து பாருங்கள். காலிப் படகில் அளந்தால் அது வேறு கதை.

வேகம் போதவில்லை என்று வருகிற படகில் நான் முதலில் உயரத்தைத் தொடுவதில்லை. அடியில் ஒட்டியிருக்கும் சிப்பி, பாசியைச் சுரண்டச் சொல்வேன். அடுத்து புரொப்பல்லர். ஆர்பிஎம் ஏறி வேகம் வராததற்கு புரொப்பல்லரின் நடுவில் உள்ள ரப்பர் ஹப் நழுவுவதும் காரணமாக இருக்கலாம். ஹப்பையும் புரொப்பல்லர் உடம்பையும் தாண்டி மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் குற்றம் ஹப்பில். இதெல்லாம் சரியென்றால் மட்டும் உயரத்தைப் பேசுவோம். அப்போதும் சோதனை ஓட்டம் முகத்துவாரத்துக்கு வெளியே, வழக்கமாக ஏற்றும் சுமையோடு நடக்க வேண்டும். உள்ளே ஆற்றில் எந்த உயரமும் நன்றாகத்தான் இருக்கும். ஆள் விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்கட்டும்.

கடலூர் பக்கத்து ஃபைபர் படகுகளில் அவுட்போர்டு, அதாவது பின்பலகைக்கு வெளியே தொங்கும் இஞ்சின், மாட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் எளிதாக. ஷாஃப்ட் நீளம் பொதுவாக 15, 20, 25 அங்குலம். பலகை உயரம் எந்த அளவுக்குச் சரியோ அந்த இஞ்சினை வாங்க வேண்டும். புரொப்பல்லருக்கு மேல் இருக்கும் தட்டு, படகின் அடியோடு ஒரே மட்டத்திலோ சற்று மேலோ நிற்பது தொடக்க அளவு. தேவனாம்பட்டினத்தில் கரையேற்றும்போது புரொப்பல்லர் மணலில் இடிக்கிறதென்று கிளாம்புக்குக் கீழே கட்டை வைத்து நிரந்தரமாகத் தூக்கிவிடுகிறார்கள். கரை வரும்போது இஞ்சினைச் சாய்த்துத் தூக்கினால் (டில்ட்) போதும். வலை ஏற்றிப் போகும்போது பின்பக்கம் அமுங்கியிருக்கும் படகு, திரும்பும்போது வேறு மட்டத்தில் மிதக்கும். கட்டை வைத்தவருக்கு எப்போது பிடி விடும் என்று சொல்ல முடியாது.

பலகையில் கை வைப்பதற்கு முன் சுத்தியல் பிடியால் அதைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். உள்ளே ப்ளைவுட் ஊறியிருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். அப்படி வந்தால் உயரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு முதலில் பலகையை மாற்றுங்கள்.