சைக்ளோப்ஸின் ஐந்தாவது கால்

உக்கடம் பெரியகுளமோ காளிங்கராயன் வாய்க்காலோ, தேங்கி நிற்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெடுக் வெடுக்கென்று தாவும் வெளிறிய புள்ளிகள் இருந்தால், அவை பெரும்பாலும் கோப்பிபாடுகள். ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம்.

முதல் பிரிவினை சுலபம், கைலென்ஸே போதும். உணர்கொம்பு உடல் நீளத்துக்கு இருந்து, பெண்ணுக்கு முட்டைப்பை ஒன்றே ஒன்று என்றால் டயாப்டமஸ் வகை. குட்டைக் கொம்பு, வாலுக்கு இருபுறமும் இரண்டு முட்டைப்பை என்றால் சைக்ளோப்ஸ் வகை.

அப்புறம்தான் சிக்கல். சைக்ளோப்ஸ் வகையில் மீசோசைக்ளோப்ஸ், தெர்மோசைக்ளோப்ஸ் என்று இரண்டு பேரினங்கள் நம் வெப்பநாட்டு நீரில் சகஜம். அதே ஒற்றைக் கண், அதே கவட்டை வால். வேறுபாடு ஒளிந்திருப்பது ஐந்தாவது காலில். முன்னால் உள்ள நான்கு ஜோடியும் நீந்துகிற கால்கள்; ஐந்தாவது வெறும் இரண்டு கணு கொண்ட முண்டு. அதன் கடைசிக் கணுவில் ஒரு முள், ஒரு நீள்முடி. இரண்டும் நுனியிலிருந்தே கிளம்பினால் தெர்மோசைக்ளோப்ஸ். முடி மட்டும் நுனியில் இருந்து, முள் உள்விளிம்பின் நடுவில் முளைத்திருந்தால் மீசோசைக்ளோப்ஸ். அவ்வளவுதான்!

அதைப் பார்ப்பதுதான் பாடு. ஆல்கஹாலில் கிடந்த பெண் சைக்ளோப்ஸை கிளிசரின் சொட்டில் மல்லாக்கப் போட்டு, இரண்டு மெல்லிய ஊசியால் உடலைக் கணுக்கணுவாகப் பிரிக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் அந்தக் கால் சொட்டுக்குள் எங்கோ போய்விடும். தேடிக்கொண்டே இருக்கலாம்.

மீசோசைக்ளோப்ஸுக்குள் இனம் பிரிக்க இன்னும் நுணுக்கம் வேண்டும்: உணர்கொம்பின் கடைசிக் கணுவில் உள்ள கண்ணாடிச் சவ்வு, வால்கிளையின் உள்விளிம்பில் மயிர் உண்டா, விந்துப்பையின் வடிவம் என்ன என்று பார்க்க வேண்டும். இதற்கு முதிர்ந்த பெண்தான் வேண்டும், குஞ்சு உதவாது. 1857இல் கிளாஸ் என்பவர் விவரித்த மீசோசைக்ளோப்ஸ் லூக்கார்ட்டி என்ற பெயரை உலகம் முழுக்க ஒட்டிவந்தார்கள். 1981இல் கீஃபர் என்பவர் இந்த மாதிரி நுணுக்கங்களை வைத்து அதைப் பல இனங்களாகப் பிரித்தார். அதனால் நம் பக்கத்துப் பழைய பட்டியல்களில் அந்தப் பெயரைக் கண்டால் நான் நம்புவதில்லை.

"ஏனுங்க, இதைத் தெரிஞ்சு என்னங்க பண்றது?" என்று கேட்கலாம். நரம்புச் சிலந்திப் புழு (கினிப்புழு) என்ற ஒட்டுண்ணி மனிதனுக்குள் போனது, குடிதண்ணீரோடு விழுங்கிய சைக்ளோப்ஸ் வழியாகத்தான். துணியில் வடிகட்டிக் குடித்ததும் அந்த நோயை விரட்டிய வழிகளில் ஒன்று. 2000இல் இந்தியா விடுபட்டது. இன்னொரு பக்கம், டெங்கு கொசுவின் இளம்புழுவை மீசோசைக்ளோப்ஸ் பிடித்துத் தின்னும். வியட்நாமில் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு வெற்றி கண்டார்கள். குழாய்த் தண்ணீருக்குக் காத்திருந்து டிரம்மில் பிடித்துவைக்கும் நம் ஊர்களில் இது கவனிக்கத்தக்கது. ஆனால் உருவில் சிறிய தெர்மோசைக்ளோப்ஸ் இந்த வேட்டைக்கு அவ்வளவாகத் தேறாது. ஆள் மாறினால் வேலை நடக்காது.

டயாப்டமஸில் கதை தலைகீழ். அங்கே ஆண்தான் அடையாளம் காட்டும். பெண்ணைப் பிடித்துக்கொள்ள அதன் வலது கொம்பு முழங்கை போல மடங்கும், வலது ஐந்தாம் கால் கொக்கியில் முடியும். அந்தக் கொக்கியின் வளைவும் முள்ளும் இனத்துக்கு இனம் வேறு. ஆகவே வலையில் விழுந்ததில் பெரிதாக இருப்பதை மட்டும் பொறுக்காமல் மொத்தத்தையும் ஆல்கஹாலில் போடுங்கள். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்துவிடும்.